மண்ணுக்குள் எத்தனை அவுன்ஸ்? தங்கத் தாது இருப்புக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருக்கும் சுரங்கப் புவியியலாளன் நான். பகாங் காடுகளில் பல வருஷம் துளை போடும் ரிக்குக்குப் பக்கத்தில் நின்று சேற்றோடு வேலை பார்த்தவன். தங்க விலை ஏறும்போதெல்லாம் வாழையிலைக் கடையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் என்னிடம் இதே கேள்விகள் வரும். கேட்பவர்களில் சிலர் சுரங்கப் பங்கு வாங்கியவர்கள், சிலரை வாங்கச் சொல்லி யாரோ நச்சரிக்கிறார்கள், மீதிப் பேர் நகைக்கடைக்காரர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

“பத்து லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கிறது” என்று ஒரு கம்பெனி சொல்கிறது. அதை யார் எண்ணினார்கள்?

யாரும் எண்ணவில்லை. அது மதிப்பீடு. சூத்திரம் என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான்: பாறையின் கன அளவை அதன் அடர்த்தியால் பெருக்கினால் டன் வரும். டன்னை ஒரு டன்னில் எத்தனை கிராம் தங்கம் என்ற தரத்தால் பெருக்கினால் தங்கத்தின் எடை வரும்.

25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு பாறைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,250 கன மீட்டர். அடர்த்தி 2.7 என்றால் 3,375 டன். தரம் டன்னுக்கு 2 கிராம் என்றால் 6,750 கிராம், அதாவது சுமார் 217 அவுன்ஸ் (தங்க அவுன்ஸ் ஒன்று 31.1 கிராம்). இந்த மாதிரி ஆயிரக்கணக்கான கட்டிகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் போட்டுக் கூட்டியதுதான் அந்தப் பத்து லட்சம். பெருக்கல் தப்பாகாது. அந்த 2.7 எங்கிருந்து வந்தது, அந்த 2 கிராம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடர்த்தியில் என்ன பெரிய தப்பு நடந்துவிடப் போகிறது?

நம் ஊரில் நிறைய நடக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, மேலே உள்ள பாறை ஆழம் வரைக்கும் செம்மண்ணாக மக்கிக் கிடக்கிறது. மக்கிய மண்ணின் உலர் அடர்த்தி 1.9 மாதிரி வரலாம். அதற்கும் கெட்டிப்பாறையின் 2.7ஐயே போட்டுவிட்டால், டன் கணக்கு 42 சதவீதம் வீங்கிவிடும். ஈரத்தோடு எடை போடுவது இன்னொரு தப்பு. மழைக்காலத்தில் எடுத்த களிமண்ணை அடுப்பில் உலர்த்தாமல் எடை போட்டால், தண்ணீரையும் தாதுவாகக் கணக்கில் எழுதுகிறோம் என்று அர்த்தம்.

ரிசோர்ஸ், ரிசர்வ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

ரிசோர்ஸ் என்பதைக் கனிம வளம் என்று சொல்லலாம். பூமிக்குள் இருக்கிறது, என்றைக்காவது லாபமாக எடுக்க நியாயமான வாய்ப்பும் இருக்கிறது, அவ்வளவுதான். ரிசர்வ் என்பது தாது இருப்பு. அந்த வளத்தில், நியாயமாக அனுமானித்த விலையையும் செலவையும் அனுமதிகளையும் வைத்து ஒரு சுரங்கத் திட்டம் போட்டு, எடுத்தால் காசு மிஞ்சும் என்று காட்டப்பட்ட பகுதி மட்டும். எடுக்கும்போது கலந்துவிடும் வெறும் பாறையும், விட்டுப்போகும் தாதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த வார்த்தைகளுக்குச் சட்டம் மாதிரி வரையறை உண்டு. உலகத்தில் பரவலாகப் புழங்கும் ஒன்று ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதித்தொகுப்பு. 1989இல் முதலில் வந்தது, 2012 பதிப்பைத்தான் பல அறிக்கைகளில் பார்ப்பீர்கள். கனடாவில் அதே வேலையைச் செய்யும் விதியின் பெயர் என்ஐ 43-101. பகாங்கில் செலின்சிங் சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் கனடாவில் பட்டியலிடப்பட்டது. அதனால் அதன் கணக்கு அந்த விதிப்படிதான் வரும்.

தரம் பார்க்க எத்தனை துளை போட்டால் போதும்?

தாதுப் படிவத்தை, அதாவது தாது பூமிக்குள் எப்படிப் படிந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே சீராக ஓடும் நிலக்கரிப் படுகையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளித் தள்ளித் துளை போட்டாலும் நம்பலாம். தங்க நரம்பு, அதாவது பாறைக்குள் கீற்றாக ஓடும் தங்கமுள்ள பட்டை, அப்படிக் கிடையாது. 25 மீட்டருக்கு ஒன்று போட்டும் நடுவில் நரம்பு அறுந்து போயிருக்கும்.

எண்ணிக்கையை விட, துளை எந்தத் திசையில் போனது என்று கேளுங்கள். சாய்ந்து இறங்கும் நரம்பை நேர்க்குறுக்காக வெட்டினால் 2 மீட்டர் தடிமன் தெரியும். அதே நரம்போடு சேர்ந்து சாய்வாக இறங்கினால் “20 மீட்டர் தாது” என்று தலைப்புச் செய்தி போடலாம். பொய் ஒன்றும் இல்லை, ஆனால் தடிமன் 2 மீட்டர்தான். இன்னொன்று: “10 மீட்டர் நீளத்துக்கு, டன்னுக்கு 2.18 கிராம்” என்று சொல்கிறார்கள். உள்ளே பார்த்தால் ஒரு மீட்டரில் 20 கிராம், மற்ற ஒன்பது மீட்டரிலும் 0.2 கிராம். சராசரி சரிதான். தோண்டப் போகிறவனுக்கு அந்த ஒரு மீட்டர்தான் தாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, தங்கத்துக்கு ஏன் இவ்வளவு மாதிரி?

சோறு எல்லாம் ஒரே மாதிரி வேகும், அதனால் ஒரு பருக்கை போதும். தங்கப் பாறையைப் பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தங்கம் அதிலுள்ள முந்திரி. ஒரு கரண்டியில் முந்திரி இல்லை என்றால் பாயசத்தில் முந்திரியே இல்லை என்று ஆகாது. ஒரு கரண்டியில் மூன்று விழுந்தால் அண்டா முழுக்க முந்திரி என்றும் ஆகாது.

கணக்கில் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கத் துணுக்கு சுமார் 10 மில்லிகிராம் எடை. சோதனைக்கூடத்தில் நெருப்புச் சோதனைக்கு (பொடியை உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் முறை) எடுப்பது 30 அல்லது 50 கிராம் பொடி. அந்த 50 கிராமுக்குள் இப்படி ஒரே ஒரு துணுக்கு விழுந்தால், விடை டன்னுக்கு 200 கிராம் என்று வரும். அது பக்கத்துப் பொடியில் விழுந்திருந்தால், கிட்டத்தட்ட பூஜ்யம். பாறை அதேதான். பக்கத்துப் பக்கத்தில் எடுத்த மாதிரிகளே இப்படி முட்டிக்கொள்வதை ‘நக்கெட் எஃபெக்ட்’ என்கிறார்கள். தங்கத்தில் இது மற்ற உலோகங்களை விட மோசம்.

அந்த 50 கிராம் எதற்குச் சாட்சி சொல்கிறது தெரியுமா? துளையிலிருந்து வரும் கோர், அதாவது பாறைத்தண்டு, சுமார் 48 மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஒரு மீட்டர் நீளம் கிட்டத்தட்ட 4.8 கிலோ. அதை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, பாதியை டிரேயில் பத்திரப்படுத்திவிட்டு மீதி 2.4 கிலோவை அனுப்புகிறோம். அதை நொறுக்கி, அரைத்து, 50 கிராம் எடுக்கிறார்கள். 25 மீட்டர் இடைவெளியில் துளை என்றால், அந்த ஒரு மீட்டர் மாதிரி பேசுவது சுற்றியுள்ள 625 கன மீட்டருக்கு, சுமார் 1,690 டன் பாறைக்கு. கையளவுப் பொடி, நூறு லோரிக்கு மேல் பாறை.

பெருந்துணுக்குத் தங்கம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது வேறு. தங்கம் அரைபடாது, தட்டையாகும். அதனால் பொடியைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை முழுக்கவும் கீழே விழுந்ததைத் தனியாகவும் சோதிப்பார்கள். செலவு கூடத்தான். செய்யாத அறிக்கை என்றால் நான் ஒரு புருவத்தைத் தூக்குவேன்.

திடீரென்று டன்னுக்கு 92 கிராம் என்று ஒரு முடிவு வந்தால் கொண்டாட வேண்டாமா?

டீ வாங்கிக் கொடுங்கள், கணக்கில் அப்படியே போடாதீர்கள். பத்து மாதிரிகள்: 0.4, 0.8, 1.1, 0.6, 0.9, 1.3, 0.7, 1.2, 0.5, கடைசியாக 92.5. சராசரி 10 கிராம். உலகத்தரமான சுரங்கம்! அந்த ஒன்றை எடுத்துவிட்டால் சராசரி 0.83. அப்படியே தூக்கி எறிவதும் நியாயமில்லை, தங்கம் அங்கே உண்மையிலேயே இருந்தது. அதனால் ஓர் உச்சவரம்பு வைத்து வெட்டுவார்கள், ‘டாப் கட்’ என்று பெயர். 10 கிராமுக்கு மேல் எதையும் 10 என்றே எடுத்துக்கொண்டால் சராசரி 1.75. எங்கே வெட்டுவது என்பதற்குச் சில புள்ளியியல் முறைகள் உண்டு, ஆனால் கடைசியில் அனுபவம்தான் முடிவு செய்கிறது. அறிக்கையில் இந்த வெட்டு எவ்வளவு, வெட்டாமல் விட்டால் மொத்தம் எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள்.

சோதனைக்கூட முடிவை எப்படி நம்புவது?

நாமும் அவர்களைச் சோதிக்கிறோம். அனுப்பும் பைகளுக்கு நடுவே, தங்கமே இல்லாத வெறும் கல், தரம் முன்பே தெரிந்த பொடி, அதே மாதிரியின் இரட்டை என்று ஒளித்து வைத்து அனுப்புவோம். எத்தனைக்கு ஒன்று என்பது ஆளுக்கு ஆள் மாறும், இருபதுக்கு ஒன்று என்பது பரவலான பழக்கம்.

ஒருமுறை கருங்கல் ஜல்லியை வெறும் கல்லாகப் போட்டு அனுப்பினேன். 0.8 கிராம் தங்கம் என்று விடை வந்தது. ஜல்லியில் எங்கே தங்கம்? வரிசையைப் பார்த்தால் அதற்கு முந்தைய பை செழிப்பான நரம்பு. நொறுக்கும் இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமலே அடுத்த பையைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் பெயர் வேண்டாம். நாலு மாத முடிவுகளைத் திரும்பச் செய்ய வைத்தோம். ஒளித்து வைத்த ஜல்லி இல்லாமல் இருந்திருந்தால், அந்த 0.8கள் எல்லாம் அழகாக வளத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், தப்பு கம்ப்யூட்டரில் நுழைவது அரிது. பையில் நுழைகிறது.

கிரிகிங் என்கிறார்களே, அது என்ன மந்திரம்?

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்த டேனி கிரிக் என்ற பொறியாளர் 1951இல் ஒரு விஷயத்தை எழுதினார். மாதிரிகளை வைத்துச் செழிப்பு என்று குறித்த கட்டிகளைத் தோண்டினால் நினைத்ததை விடக் குறைவாகக் கிடைக்கிறது, ஏழை என்று ஒதுக்கியவற்றில் நினைத்ததை விட அதிகம் இருக்கிறது. அதைத் திருத்த அவர் வழி சொன்னார். பிரான்ஸின் ஜார்ஜ் மாதெரோன் அதை முழுக் கணிதமாக்கி, அதற்குக் கிரிக்கின் பெயரையே வைத்தார்.

சாரம் இதுதான்: ஒரு கட்டியின் தரத்தைச் சுற்றியுள்ள துளைகளை வைத்துக் கணிக்கும்போது, பக்கத்துத் துளைக்கு அதிக மதிப்பு, தூரத்துத் துளைக்குக் குறைவு, ஒரே இடத்தில் மூன்று துளை நெருங்கி நின்றால் மூன்றும் சேர்ந்து ஒரு குரல் மாதிரி. எவ்வளவு தூரம் வரை ஒற்றுமை நீடிக்கிறது என்பதை வேரியோகிராம் என்ற வரைபடம் சொல்லும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் எடை கொடுக்கும் எளிய முறையும் இன்றும் ஓடுகிறது. சின்னப் படிவங்களில் பல சமயம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். மென்பொருள் பெயரைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களிடம் அதிகம் மயங்காதீர்கள்.

இன்ஃபெர்ட், இண்டிகேட்டட், மெஷர்ட் என்று மூன்று வரிசை போடுகிறார்களே?

நம்பிக்கையின் படிகள். இன்ஃபெர்ட் என்பது ஊகிக்கப்பட்டது: துளைகள் தூரம் தூரம், நரம்பு தொடர்கிறது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது, உறுதி இல்லை. இண்டிகேட்டட் என்பது சுட்டப்பட்டது: தொடர்ச்சியை ஏற்றுக்கொண்டு ஒரு சுரங்கத் திட்டம் போடும் அளவுக்குத் தகவல் உண்டு. மெஷர்ட் என்பது அளக்கப்பட்டது: தொடர்ச்சியே உறுதியாகிவிட்டது.

இங்கேதான் கவனம். இண்டிகேட்டட் வளம், சுரங்கத் திட்டம் தேறினால் ‘புராபபிள்’ (சாத்தியமான) இருப்பாகலாம். மெஷர்ட் வளம் ‘புரூவ்டு’ (நிரூபிக்கப்பட்ட) இருப்பாகலாம், வேறு சந்தேகம் இருந்தால் புராபபிளாக இறங்கும். இன்ஃபெர்ட் எந்தக் காலத்திலும் நேரடியாக இருப்பாக முடியாது. கூடுதல் துளை போட்டு முதலில் மேல்படிக்கு வர வேண்டும். ஆகவே “பத்து லட்சம் அவுன்ஸ்” என்றால், அதில் எவ்வளவு இன்ஃபெர்ட் என்று உடனே கேளுங்கள்.

பூமிக்குள் தங்கம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அது இருப்புதானே?

கோலாரைப் பாருங்கள். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கேஜிஎஃப். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம், நூற்றி இருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். ஆழம் போகப் போகத் தரம் இறங்கியது, செலவு ஏறியது. தங்கம் தீரவில்லை, இருப்பு தீர்ந்தது.

எந்தத் தரத்துக்குக் கீழே தாது வெறும் கல் ஆகிறது என்பதற்கு ‘கட் ஆஃப்’ என்று பெயர். ஒரு டன்னை எடுத்து அரைத்துப் பிரிக்க 40 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வசதிக்காக அவுன்ஸ் 2,000 டாலர், ஒரு கிராமுக்கு 64.3. ஆலையில் 90 சதவீதம்தான் மீளும் என்றால் கையில் வருவது 57.9. 40ஐ அதால் வகுத்தால் 0.69 கிராம். அதற்கு மேல் தாது, கீழே குப்பை. விலை 1,500க்கு இறங்கினால் அதே கோடு 0.92க்கு ஏறுகிறது. ஒரு கல்லைக்கூடத் தொடாமல் இருப்பு சுருங்கிவிட்டது!

எதிர்ப்பக்கமும் உண்டு. பகாங்கில் இருக்கும் நம் ரவூப்பில் 1889இல் தொடங்கிய தங்கச் சுரங்கம் 1961இல் மூடப்பட்டது. அன்று அவுன்ஸ் 35 டாலர். அரைத்துப் போட்ட பழைய கழிவு மண்ணை, விலை பல மடங்கு ஏறிய பிறகு 2009 வாக்கில் மறுபடி ஆலையில் ஓட்டித் தங்கம் எடுத்தார்கள். தாத்தா குப்பை என்று கொட்டியது பேரனுக்குத் தாது.

விலை மட்டும் இல்லை. ஒரு மீட்டர் நரம்பில் 8 கிராம் இருக்கலாம், ஆனால் இயந்திரம் நுழைய 1.6 மீட்டர் வெட்டியாக வேண்டும். கூட வரும் வெறும் கல்லோடு சேர்ந்து தரம் 5 ஆகிறது. அப்புறம் சாலை, தண்ணீர், கழிவுக்குளம், அருகிலுள்ள கம்போங் (கிராமம்). நிலமும் சுரங்கக் குத்தகையும் மாநில அரசின் கையில் இருக்கிறது. குத்தகை கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணமாவது இல்லாமல் அந்த இடத்துத் தாதுவை இருப்பு என்று எழுத முடியாது.

பிரே-எக்ஸ் என்று ஏதோ மோசடி நடந்ததாமே?

இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடம். கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் 1997 தொடக்கத்தில் சுமார் 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ் இருப்பதாகச் சொன்னது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலர் வரை போனது. மார்ச் மாதம் அமெரிக்கச் சுரங்க நிறுவனமான ஃப்ரீபோர்ட் சரிபார்க்கத் தன் துளைகளைப் போட்டபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மே மாதம் வெளியார் நடத்திய சுயேச்சை ஆய்வின் முடிவு வந்தது: மாதிரிகளில் தங்கம் தூவியிருக்கிறார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் உறைக்கும் விஷயம் வேறு. வழக்கமாகப் பாதிக் கோரை வைத்துக்கொள்வோம் என்றேன் அல்லவா? அங்கே முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பினார்கள். பிறகு வந்து பார்க்கிறவனுக்கு ஒப்பிட மீதி இல்லை. தங்கத் துணுக்குகளோ ஆற்றில் உருண்டு வந்தது போல முனை மழுங்கியிருந்தன. பாறையிலிருந்து உடைத்த தங்கம் அப்படி இருக்காது. கணக்குப் போட்டவர்களின் பெருக்கல் கடைசி வரை சரியாகத்தான் இருந்தது. கனடாவின் என்ஐ 43-101 விதி 2001இல் வந்ததற்கு இதுதான் பின்னணி.

கையெழுத்துப் போடுவது யார்?

ஜோர்க் விதிப்படி ‘காம்பிடென்ட் பெர்சன்’, அதாவது தகுதியுள்ளவர் ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பில் உறுப்பினர், அந்த வகைப் படிவத்தில் குறைந்தது ஐந்து வருஷ அனுபவம். இரும்புத் தாதுவில் முப்பது வருஷம் இருந்தாலும், துணுக்குத் தங்கத்துக்கு அது போதாது.

மாமா, பகாங்கில் தங்கச் சுரங்கம், மாதம் இத்தனை ரிங்கிட் நிச்சயம் என்கிறார்கள். போடலாமா?

இதைக் கேட்ட பையனிடம் நான் திருப்பிக் கேட்டது: எண் வளமா, இருப்பா? இன்ஃபெர்ட் எவ்வளவு? கட் ஆஃப் எந்த விலையில் போட்டது? யார் கையெழுத்து? குத்தகை யார் பெயரில்? பாதிக் கோர் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா?

அவனிடம் இருந்தது வழவழப்பான ஒரு புத்தகமும் தங்கக்கட்டியின் படமும். தங்கச் சுரங்கம் எதுவும் மாத வருமானத்தை நிச்சயம் சொல்ல முடியாது, நடக்கிற சுரங்கமே சொல்லாது. பங்கு முதலீட்டைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன, அதில் முதலில் தேடச் சொன்னேன். பட்டியலில் இல்லை என்பதும் நற்சான்று ஆகாது, தம்பி.

தோண்ட ஆரம்பித்த பிறகும் எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

மாறாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு மாதமும் மாதிரி சொன்னதையும் ஆலையில் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும், அது சகஜம். வருஷம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் டாப் கட்டோ, அடர்த்தியோ, நரம்பின் வடிவமோ எங்கேயோ பிசகு.

ஒரு பவுனுக்கு எத்தனை டன் கல்?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் பத்தர் அண்ணன் கேட்டது. 916 தங்கத்தில் ஒரு பவுன், 8 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.33. டன்னுக்கு 2 கிராம் தாது, 90 சதவீதம் மீட்பு என்றால் ஒரு டன்னுக்கு 1.8 கிராம். ஆக ஒரு பவுனுக்குச் சுமார் 4 டன். ஐந்து பவுன் தாலிக்கொடிக்கு 20 டன்.

“ஒரு பெரிய லோரி நிறைய” என்றேன்.

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். “இங்கே மோட்டார் சைக்கிள் நிறுத்தவே சம்மன் எழுதுகிறான்” என்றார்.